வெள்ளவத்தையில் யாரும் ஆயாத ரோசாக்கள்

வெள்ளவத்தையில் ஒரு ரோசாப்பூ காலையில் மலர்ந்து, வெயில் ஏற ஏற முழுதாக விரிந்து, அடுத்த நாளும் அதே காம்பில் நின்று, பிறகு தன்பாட்டில் இதழ் உதிர்ப்பதைக் காண்பது லேசான காரியமல்ல. இந்த ஊரில் பூவுக்கு ஆயுள் விடியும் வரைதான். காலை நடைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் உண்மையில் பூ ஆய, அதாவது பறிக்கப் போகிறவர்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சிலரிடம் குடைக்கம்பியை வளைத்துச் செய்த கொக்கியும் உண்டு. வேர் மதிலுக்கு உள்ளே, கிளை வெளியே என்றால் சொத்துரிமை அந்தக் கிளைக்குச் செல்லாது. சாமிக்கென்று ஆய்ந்தால் அது களவும் அல்ல. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். ஆகவே எங்கள் தொடர்மாடியின் முன்னால் நான் நட்ட ரோசாக்கள் ஒருவர் கையும் படாமல் நாட்கணக்கில் நின்றபோது பெருமைப்பட்டேன். படம் எடுத்து லண்டன் நண்பர்களுக்கு அனுப்பி, "பார்த்தீர்களா, எங்கள் ஆட்கள் திருந்திவிட்டார்கள்" என்று கீழே எழுதினேன். அந்த வசனத்தை இனி அழிக்க முடியாது. எல்லாரும் வாசித்துவிட்டார்கள்.

திரும்பி வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் லண்டன், ரொறன்ரோ நண்பர்களுக்காகவும், திரும்பி வந்தவர்களைச் சகித்துக்கொண்டிருக்கும் கொழும்பு நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். வாழ்க்கையின் பெரும்பகுதி போனது லண்டனில், ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலின் கட்டட அனுமதிப் பிரிவில். ஒருவர் தன் வீட்டின் பின்புறத்தில் ஓர் அறையை நீட்டிக் கட்டலாமா, கட்டினால் பக்கத்து வீட்டு யன்னலுக்கு வெளிச்சம் குறையுமா, எவ்வளவு குறைந்தால் பொறுக்கலாம் என்று தீர்மானிப்பது என் தொழில். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அங்குள்ள விதிகளைத்தான் வாசிப்பேன். என் மனைவி யோகம் இதை ஒரு வியாதி என்பாள்.

ஓய்வு பெற்றதும் வெள்ளவத்தைக்குத் திரும்புவோம் என்று நான் சொன்னபோது யோகம் உடனே சம்மதிக்கவில்லை. "அங்கை என்ன கிடக்கு? கட்டடத்துக்கு மேலை கட்டடம். கால் வைக்க மண் இல்லை. சாமிக்கு ஒரு பூ வேணுமெண்டாலும் கடைக்கு ஓடோணும்" என்றாள். லண்டன் வீட்டின் பின்வேலியோரம் அவளுக்கென்று ஒரு ரோசாச்செடி இருந்தது. அதை விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. "மண்ணும் தாறன், பூவும் தாறன்" என்று வாக்குக் கொடுத்தேன். நான்காம் மாடியில் வீடு வாங்கிக்கொண்டு மண் தருகிறேன் என்கிற மனிதனை நம்பி ஒரு பெண் விமானம் ஏறினாள் என்றால், அவன் கட்டட வரைபடத்தை ஏற்கெனவே வாசித்திருந்தான் என்று அர்த்தம். முன்மதிலுக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள துண்டு நிலம் எல்லா வீட்டாருக்கும் பொது என்று அதில் தெளிவாக இருந்தது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அந்தப் பொதுநிலத்தில் உடைந்த தரையோடுகளும், யாரோ கழற்றிப்போட்ட ஒரு கழிப்பறைக் கொமட்டும், அதன் பக்கத்தில் கவலைப்படாமல் பூத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வரத்தையும் இருந்தன. தொடர்மாடியின் தலைவர் செல்வநாதன் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். நிலத்தைச் சீமெந்து போட்டு மூடி வாகனம் நிறுத்தலாம் என்பது அவருடைய திட்டம். "அண்ணை, பூவுக்கு மேலை காரை விடேலாது. ஆனா பூ நிக்கிற இடத்திலை விடலாம்" என்று பொதுக்கூட்டத்தில் அவர் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து, பொதுநிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு என்ன அறிவித்தல் கொடுக்க வேண்டும், யாருடைய சம்மதம் வேண்டும், எத்தகைய பெரும்பான்மை வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நடைமுறை தெரிந்த ஆளைக் கண்டால் வங்கிக்காரருக்கு மரியாதை வரும், அன்பு வராது. அடுத்த பொதுக்கூட்டம் வரை நிலம் என் பொறுப்பில் இருக்கட்டும், பிறகு வாக்கெடுப்பில் பார்ப்போம் என்று முடிவானது. தோற்றால், நான் யோகத்துக்குக் கொடுத்த வாக்கின் மேல் செல்வநாதனின் மருமகன் தன் ஜீப்பை நிறுத்துவான்.

கார் உள்ள வீடுகளையும் இல்லாத வீடுகளையும் மனத்துக்குள் கூட்டிக் கழித்தேன். இரண்டாம் மாடிப் பரமேஸ்வரி அக்காவும் அவருடன் விடியற்காலையில் பூ ஆயப் போகும் பெண்களும் என் பக்கம் நின்றால் போதும். பூச்செடி நடுகிறவனுக்கு எதிராகப் பூ ஆய்கிறவர்கள் வாக்களிக்க என்ன காரணம் இருக்க முடியும்? பரமேஸ்வரி அக்காவுக்கு எண்பதை எட்டுகிற வயது. ஓய்வூதியம் எடுக்கிற என்னையும் தம்பி என்பார். செடி வாங்கப் போவதற்கு முதல் அவரிடம் ஆலோசனை கேட்டேன். அதாவது, அவரிடம் ஆலோசனை கேட்டதாக நாலு பேருக்குத் தெரியும்படி செய்தேன்.

"நந்தியாவட்டை வையுங்கோ தம்பி. செவ்வரத்தை இன்னும் ரெண்டு வையுங்கோ. இந்தச் சினியா கினியாவெல்லாம் சாமி கேக்கிறேல்லை."

"சாமி கேக்காட்டியும் கண் கேக்குது, அக்கா."

"ரோசா வைப்பியளோ?"

"அதுதானே முக்கியம்."

"அப்ப வேறை என்னத்தையும் நட்டுக்கொண்டு கிடவுங்கோ" என்று அனுமதி வழங்கினார்.

நிறம் பார்த்துப் பூ நடுவதை நான் இங்கிலாந்தில் கற்றேன். அங்கே சம்மர் என்பது வருவதற்குள் போய்விடுகிற விருந்தாளி. ஆகவே குளிர்காலம் முழுக்க விலைப்பட்டியல்களை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் கூறைச்சேலை தெரிவுசெய்வதுபோல, அங்குள்ளவர்கள் அதற்குப் பூத் தெரிவுசெய்வார்கள். உயர்ந்தது பின்னுக்கு, குட்டை முன்னுக்கு. செம்மஞ்சளும் ஊதாவும் சண்டை பிடித்தால் நடுவில் வெள்ளையை நிறுத்து. வெள்ளவத்தையில் சம்மர் இல்லை. அல்லது அது மட்டும்தான் இருக்கிறது. குளிர்ந்த இரவு கேட்கிற லூப்பின், ஸ்வீற் பீ போன்ற சீமைச் செல்லங்களைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. விதை கொண்டுவரவும் இல்லை. அதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும் என்று தெரியாமல் சூட்கேசுக்குள் ஒளித்துவைத்து, விமான நிலையத்தில் வியர்த்து நிற்கிற ஆள் நான் அல்ல. கடற்காற்றின் உப்பைத் தாங்கக்கூடியவற்றைத் தேர்ந்தேன். முன்னால் பத்துமணிப்பூ, அதன் பின்னால் பட்டிப்பூவும் சினியாவும், அதற்கும் பின்னால் கோழிக்கொண்டையும் கொஸ்மொஸும். பரமேஸ்வரி அக்காவின் நந்தியாவட்டை மதிலோரம். ஆனால் இவையெல்லாம் மண்டபத்து அலங்காரம். மணவறை ரோசாவுக்குத்தான்.

ரோசா வாங்கப் பத்தரமுல்லைப் பக்கம் போனேன். வீதியோரத்தில் ஒரு சிங்களப் பெண்மணி கறுப்புப் பைகளில் கன்றுகளை அடுக்கி வைத்திருந்தார். கடும் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், இந்த ஊரின் பழைய வெளிர்சிவப்பு. ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தேன். அதைக் கற்றுத்தந்தவள் லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி டொரதி. முதல் வருடம் மே மாதத்தில் அவள்தான் என்னைக் கார்டன் சென்ரருக்குக் கூட்டிப்போனாள். முகராமல் ரோசா வாங்குவது ருசி பார்க்காமல் மாம்பழம் வாங்குவதைவிட மோசம் என்ற பொருளில் ஏதோ சொல்லி, ஒரு பூவை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி விலகினேன். எனக்கு ரோசா பிடிக்காது என்று எண்ணி, அந்த நல்ல மனுசி என்னைக் கள்ளிச்செடிகள் இருந்த பக்கம் கூட்டிப்போனாள். குனிந்து முகத்தைப் பூவுக்குள் வைக்க எனக்கு இரண்டு மூன்று கோடைகள் எடுத்தன. பழகிய பிறகு விட முடியவில்லை. ஒன்றில் தேயிலை வாசம், ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் கராம்பு. துறைமுகக் காற்றிலும் கருவாட்டிலும் வளர்ந்த கொட்டாஞ்சேனை மூக்குக்கு அது ஒரு பல்கலைக்கழகம்.

நான் முகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த பூக்கன்றுப் பெண்மணி, "மே பன்சலட்ட நெமேத, அங்கிள்?" என்று கேட்டார். இது விகாரைக்கு இல்லையா என்கிறார். நான் பௌத்தனா என்று விசாரிக்கிறார் என நினைத்து, "நே, அப்பி தெமள", இல்லை, நாங்கள் தமிழர் என்று என் இனத்தைப் பிரகடனம் செய்தேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்படியானால் சரி என்பதுபோலத் தலையாட்டினார். எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை. சிவப்பு, மஞ்சள், வெளிர்சிவப்பு எல்லாம் மூக்கின் அனுமதியுடன் வண்டியில் ஏறின. கடைசியில் ஒரு செடி கண்ணில் பட்டது. இதழின் உள்ளே சிவப்பு, வெளியே மஞ்சள். துளி மணமில்லை. டொரதி கண்டால் திட்டுவாள் என்று தெரிந்தும், அந்த நிறத்துக்காகவே அதையும் வாங்கினேன். இடம் போதாமல் அதே நிலத்தின் பின்மூலையில், ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நட்டேன்.

செடிகள் பிடித்தன. முதல் மொட்டுகள் விரிந்த நாளிலிருந்து காலையில் தண்ணீர் குழாயோடு இறங்குவேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையாக ஒவ்வொரு பூவுக்கும் குனிந்து மணம் பார்ப்பேன். மேலே பல்கனிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பூக்கள் ஆயப்படாமல் நின்றன. அதை நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன். பரமேஸ்வரி அக்கா கோயிலடியில் வாங்கிய பூப்பையோடு என்னைக் கடந்து போனார். தோட்டம் நன்றாக வேர்விடட்டும் என்று விட்டுவைக்கிறார் என எடுத்துக்கொண்டேன். ஆதாரங்களை வாசிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவன் எவ்வளவு தூரம் சந்தோசமாகத் தவறாக வாசிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பொதுக்கூட்டத்துக்குச் சில நாட்கள் இருக்கையில் லிஃப்டில் செல்வநாதனைச் சந்தித்தேன். "தோட்டம் வடிவா இருக்கு அண்ணை. ஒரு படம் எடுத்து வையுங்கோ" என்று சிரித்தார். தோற்கப்போகிற தலைவர் அப்படிச் சிரிப்பதில்லை. ஏன் படம் என்று கேட்டேன். "பொம்பிளையள் எல்லாரும் சீமெந்துக்குத்தானாம். பரமேஸ்வரி அக்காவே சொன்னவ." லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. நான் இறங்காமல் திரும்பவும் கீழே போனேன். பரமேஸ்வரி அக்கா வாசலில் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்காகத்தானே ரோசா வைச்சனான். ஏன் ஆயிறேல்லை?"

"நீங்கள் மிச்சம் வைச்சால்தானே ஆயிறதுக்கு."

"நான் ஒண்டும் பிடுங்கேல்லையே!"

"பிடுங்கேல்லை. மணந்திட்டியள். ஒண்டு விடாமல். வரிசையா, டொக்டர் வாட்டுக்கு வந்த மாதிரி. நான் மேலை நிண்டு பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். இண்டைக்காவது ஒண்டை மறந்துபோய் விடுவார், அதை ஆயலாம் எண்டு பாத்தால், மொட்டுக்குள்ளையும் மூக்கை விடுறியள்."

"மணந்தால் பூவிலை என்ன குறையப்போகுது?"

"படைக்க முதல் சோத்திலை ஒரு கவளம் அள்ளி வாயிலை போட்டிட்டு, சோத்திலை என்ன குறைஞ்சது எண்டு கேப்பியளோ? உங்கட எச்சில் பூவைச் சாமிக்கு வைக்கச் சொல்லுறியள். அதுக்குச் சீமெந்து திறம். காலிலை சேறாவது படாது."

முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. இது எனக்குத் தெரியாததல்ல. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் ஒரு பக்கம் சைவ வீடுகள், மறுபக்கம் கத்தோலிக்க வீடுகள். என் கூட்டாளி அன்ரன் மாதா சுருவத்தின் காலடிக்குக் கொண்டுபோகும் பூவை மூக்கில் வைத்து நன்றாக இழுத்துவிட்டுத்தான் வைப்பான். நான் வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைச் சரம் வாங்கி வரும்போது, பையைக் கைநீட்டி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, ஏதோ வெடிகுண்டைக் கொண்டுவருவதுபோல நடப்பேன். இரண்டு சமயங்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான். டொரதி பூவை நீட்டியபோது என்னை ஓரடி விலகவைத்ததும் அந்தப் பழக்கம்தான். பிறகு லண்டனில் அந்த விதியைக் கடைப்பிடிக்க எங்கள் வீட்டில் யோகம் மட்டுமே இருந்ததால், நாளடைவில் அதை யோகத்தின் குணங்களில் ஒன்றாக நினைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு நாடு முழுவதும் அந்தக் குணத்தோடு இருக்கிறது என்பது மறந்துபோயிற்று. பத்தரமுல்லைப் பெண்மணி கேட்டதும் அதைத்தான். அவர்களுடைய விகாரைக்கும் முகர்ந்த பூ போவதில்லை. நானோ தமிழருக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று அவரிடம் அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மேலே போய் யோகத்திடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. சாமித்தட்டைப் பார்த்தேன். அதில் இருந்தது என் ரோசா அல்ல, கடைப் பூ.

"நீயும் வெளியிலையா வாங்கிறாய்?"

"வேறை என்ன செய்யிறது?"

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"இஞ்சை வந்து இறங்கின நாள் தொடக்கம் உங்களுக்கு எல்லாத்திலையும் குறை. தண்ணி சரியில்லை, றோட்டுச் சரியில்லை, வரிசையிலை நிக்கிறாங்களில்லை. பூவுக்கை முகத்தை வைக்கேக்கை மட்டும்தான் பேசாமல் நிண்டியள். அதைப்போய் ஏன் குழப்புவான்?"

மண்ணும் பூவும் தருவதாகச் சொல்லி நான் கூட்டிவந்த பெண், என் மூக்கின் நிம்மதிக்காகக் கோயிலடிக்கு நடந்திருக்கிறாள். லண்டனிலும் முதல் கோடையில் டொரதி யோகத்தின் முகத்துக்கு நேரே பூவை நீட்டினாள். இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். இவளுக்குப் பூந்தாது ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்டி, டொரதி அன்று பின்னேரமே தும்மல் மாத்திரைப் பெட்டி ஒன்றோடு கதவைத் தட்டினாள். யோகம் நன்றி சொல்லி வாங்கி வைத்தாள். அதன் பிறகுதான் பின்வேலியோரம் தனக்கென ஒரு செடி நட்டாள். மற்றவற்றை நாங்கள் எல்லாரும் முகரலாம். அந்த ஒன்றை யாரும் நெருங்கக்கூடாது. ஒருநாள் டொரதி வேலிக்கு மேலால் எட்டி அதையும் முகர்ந்துவிட்டாள். நான் யோகத்தைப் பார்த்தேன். "தெரியாமல் மணந்தால் தோசமில்லை" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். தெரிந்து மணப்பவர்களுக்கான தீர்ப்பை இப்போதுதான் சொன்னாள்.

"அங்கை எனக்கு ஒரு செடி போதுமாயிருந்தது. இஞ்சை உங்களுக்கு ஒண்டு போதாதோ?"

பொதுக்கூட்டத்தில் செல்வநாதன் சீமெந்துப் பிரேரணையை வாசித்து முடித்ததும் நான் எழுந்து ஒரு திருத்தம் முன்வைத்தேன். நிலம் தோட்டமாகவே இருக்கும். அதிலுள்ள பூக்களை எந்த வீட்டாரும் வழிபாட்டுக்கு ஆயலாம். தோட்டப் பொறுப்பாளர், அதாவது நான், ஒரு செடியைத் தவிர வேறு எதையும் முகரமாட்டேன். நான் கவுன்சிலில் எழுதிய நிபந்தனைகள் எதுவும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. முதலாம் மாடி றியாஸ் நானாவின் குரல்தான் முதலில் கேட்டது. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அவருக்கு இரண்டு வேன் உண்டு.

"ஒரு மனுசன் பூ மணக்கிறதுக்குத் தீர்மானமா? நானும் எத்தனையோ சங்கத்தில இருந்திருக்கன், இப்படி ஒரு கூட்டத்தக் கண்டதில்ல. என்ட வேன் றோட்டிலயே நிக்கட்டும். இவர்ட மூக்கு என்ன செய்யுது எண்டு பாக்க எனக்கு ஆசையா இருக்கு."

"இதை யார் கண்காணிக்கிறது?" என்று செல்வநாதன் கேட்டார். வங்கிக்காரர் அல்லவா, பிணை இல்லாமல் எதையும் கொடுக்கமாட்டார்.

"என்ரை பல்கனி அதுக்கு நேர் மேலைதான். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் பரமேஸ்வரி அக்கா. "ஆனா எந்தச் செடியெண்டு நான்தான் சொல்லுவன். ஜெனரேற்றருக்குப் பக்கத்திலை நிக்கிற அந்த ரெண்டு நிறத்துக்காரி. சாமிக்கு அப்பிடிப் பகட்டுத் தேவையில்லை."

மணமே இல்லாத அந்த ஒன்றை. நான் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதற்கு நடைமுறை உண்டு. யோகத்தைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். கைகள் உயர்ந்தன. செல்வநாதனின் மருமகன் மட்டும் உயர்த்தவில்லை.

அடுத்த நாள் விடிந்து நான் இறங்கியபோது சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, வெளிர்சிவப்பில் ஒரு மொட்டுக்கூட மிச்சமில்லை. வெள்ளவத்தை வழமைக்குத் திரும்பியிருந்தது. மேலே எங்கள் சாமித்தட்டில் முதன்முறையாக எங்கள் மண்ணின் ரோசா இருந்தது. இப்போதெல்லாம் யோகம் முந்திக்கொள்வதற்காக எனக்கு முதலே எழும்பிக் கீழே போகிறாள். லண்டன் நண்பர்கள் படம் கேட்கிறார்கள். வெறும் காம்புகளை எப்படி அனுப்புவது? தோட்டம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

சில காலைகளில், நந்தியாவட்டைப் பக்கம் இரண்டு மூன்று ரோசாக்கள் பிந்தி விரிந்து, அடுத்த விடியலுக்குக் காத்திருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் விடும்போது, பேலியகொடை மீன்லொறியைக் கடக்கிறவன்போல மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஜெனரேற்றரைத் தாண்டியதும் விடுகிறேன். என் செடிக்கு முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டி, குனிந்து, சிவப்பும் மஞ்சளுமான அந்தப் பூவுக்குள் மூக்கை வைத்து ஆழமாக இழுக்கிறேன். டீசலும் கடல் உப்பும் வருகின்றன. பிறகு கடலோரத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து காற்று மெல்லத் திரும்புகிறது. என் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பூக்களின் வாசம் மதிலோரமாக வந்து என்னைச் சேர்கிறது. டொரதியின் தோட்டத்தில் இருந்ததுபோல ஒரு கராம்பு வாசம். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. மணமில்லாத பூவிலிருந்து முகத்தை எடுக்காமல் இன்னொரு முறை இழுக்கிறேன். மேலே பல்கனியில், பரமேஸ்வரி அக்கா திருப்தியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்.